தாம்பூலத் தட்டில் ஒரு கறுத்த ரூபாய்

என் வீட்டுக்காரர் பிச்சைக்காரர் தட்டில் கை விட்டவர் என்று கோச்சடையில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை, நானும் பக்கத்தில்தான் நின்றேன். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் அலுமினியத் தட்டில் கிடந்த சில்லறையில் ஏதோ ஒன்று இவர் கண்ணில் பட்டுவிட்டது. நடுத்தெருவில் குத்தவைத்து உட்கார்ந்தார். காசை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிலுக்குத் தட்டில் நோட்டு வைத்ததை யார் பார்த்தார்கள்? என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் பார்த்தது, கை உள்ளே போனதை மட்டும். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் நான் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

அவருக்குக் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்கப் போல்ட்டு மரையை லென்ஸ் வைத்துப் பார்ப்பது. அப்படிப்பட்ட மனுஷன் வெளியே வந்தால் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டாமா? மாட்டார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மீதிச் சில்லறை வாங்கினால், வாங்கின இடத்திலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள். "அண்ணே, கள்ளக் காசா குடுத்துட்டேன்? ஏண்ணே பொழப்பக் கெடுக்குறீங்க?" என்று கடைக்காரர் ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். நான் தெரியாதவள் மாதிரி அடுத்த கடையில் வாழைப்பழம் விலை கேட்டுக்கொண்டிருப்பேன்.

கூடவே குடும்பம் நடத்தின பாவத்துக்கு எனக்கும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. காசு தேய்வது எப்போதும் மேட்டில்தான் ஆரம்பிக்கும். வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் என்றால் முதலில் போவது கிரீடத்தின் நடு, அப்புறம் காது, அப்புறம் தாடி. ராஜா போர்த்தியிருக்கும் அங்கியில் தோளுக்குக் கீழே ஒரு குட்டி யானை உண்டு. அதன் தும்பிக்கை தனியாகத் தெரிந்தால் அந்த ரூபாய் அதிகம் கைமாறவில்லை. யானை வெறும் மேடாகத் தெரிந்தால் சந்தையில் நன்றாக உருண்டிருக்கிறது. யானை நின்ற இடமே வழவழவென்று இருந்தால், "வெள்ளி எடைக்குத்தான்" என்று ஒதுக்கிவிடுவார். பழங்காசு சேர்க்கிறவர்கள் கூட்டத்தில் 'ஃபைன்' என்று ஒரு தரம் உண்டு. நான் அதை ரொம்ப நல்ல காசு என்று நினைத்துக் கொஞ்ச நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கணக்கில் அது சுமார் ரகமாம்.

இன்னொன்றையும் சொல்லிச் சொல்லி என் காதே புளித்துவிட்டது. காசைக் கழுவக் கூடாது. வெள்ளியில் வருஷக்கணக்காக ஒரு கறுப்பு ஏறும், ஓரத்தில் நீலமும் ஊதாவும் லேசாக ஓடும். அது அழுக்கில்லை, காசுக்குத் தோல் என்பார். "தோல உரிச்சிட்டா அப்புறம் அதுல என்னடி இருக்கு?" என்பார். நானோ வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் குத்துவிளக்கு, மணி, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் புளியும் விபூதியும் போட்டு விளக்குகிற வீட்டில் பிறந்தவள். கறுத்த வெள்ளி வீட்டில் இருந்தால் லெச்சுமி வாசலோடு திரும்பிப் போய்விடுவாள் என்று சொல்லி வளர்த்தார்கள். அவர் காசுகளைப் போட்டோ ஸ்டுடியோவில் வாங்கி வந்த பழைய ஃபிலிம் ரோல் டப்பிகளில் போட்டு பீரோவின் மேல் தட்டில் வைத்திருந்தார். அந்தத் தட்டைத் தொட மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். எனக்குக் கை அரிக்கும்.

அந்தக் காசுகளிலேயே ஒரு ரூபாய்தான் அவருக்கு ராஜா. வெள்ளிப் பட்டறையில் உருக்கப் போன குவியலிலிருந்து எடை விலைக்கு வாங்கி வந்தது. அதில் போட்டிருந்த வருஷத்து ரூபாய் குறைச்சலாகத்தான் அடித்தார்களாம். அதிலும் யானையின் தும்பிக்கையும் காதும் தெரிகிற காசு கிடைக்கவே கிடைக்காதாம். மெட்ராஸிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்து கேட்டார். அவர் சொன்ன விலைக்குக் கொடுத்திருந்தால், மழைக்கு ஒழுகுகிற எங்கள் மொட்டை மாடியில் புது ஓடு பதித்திருக்கலாம். இவர் கொடுக்கவில்லை. நான் ஒரு வாரம் பேசவில்லை. ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் என் தம்பி மகளுக்கு வரன் அமைந்தது. தம்பி ஆரப்பாளையத்தில் லாட்ஜுகளுக்கு மெத்தை, தலையணை தைத்துக் கொடுப்பவன். அவன் மகள் லட்சணமான பிள்ளை. ஆனால் வந்து பார்த்த இடமெல்லாம் பவுன் பேச்சில் தட்டிப் போனது. இந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அத்தே, இதுவும் போயிருச்சுன்னா இனிமே யாரு முன்னாலயும் போயி நிக்கச் சொல்லாதீங்க" என்று என் மடியில் தலை வைத்து அழுதாள். அந்த அழுகை எனக்குள்ளேயே கிடந்தது.

இந்தத் தடவையும் பவுன் குறைந்தது. என் தம்பி, வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன், மாப்பிள்ளை வீட்டில் போய், "எங்க அப்பா வச்சுட்டுப் போன ராஜா ரூவா ஒண்ணு இருக்கு, லட்சத்துக்குப் போகும், அதையே சீராத் தட்டுல வச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டான். பத்திரிகையில் எதையோ படித்திருக்கிறான். அதோடு விட்டானா? "எங்க மச்சான் காசு விஷயத்துல பெரிய ஆளு, அவரே சொல்லிருக்காரு" என்றும் சேர்த்துக்கொண்டான். இவர் அந்தக் காசைக் கண்ணாலும் கண்டதில்லை.

என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, மச்சானை ஒத்த வார்த்த சொல்லச் சொல்லுக்கா. ஆமான்னு சொன்னாப் போதும்." நான் வீட்டுக்கு வந்து கெஞ்சினேன். "பாக்காம எப்படிச் சொல்ல?" என்றார். "பாத்துட்டு, ஆமான்னு சொல்லுங்க" என்றேன். "பாத்துட்டு என்ன தெரியுதோ அதத்தான சொல்ல முடியும்" என்றார். கொஞ்சம் இறங்கி வந்தால் குறைந்தா போய்விடுவார்? ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் பொய் சொல்லும்போது இவருக்கு மட்டும் ஒரு தேய்ந்த காசுக்குப் பொய் சொல்ல வாய் வராது. எரிச்சலில் அன்று சோற்றில் உப்புப் போட மறந்தேன். அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தம்பி வீட்டில். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். கூடத்தில் ஜமக்காளம் விரித்து மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டின் நடுவில் எங்கள் அப்பா வைத்துவிட்டுப் போன ரூபாய் குங்குமம் இட்டுக்கொண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வருஷமாக எத்தனை பேர் விளக்கின ரூபாய் அது!

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே, "உங்க மச்சான்தான் இதுல பெரிய ஆளாமுல்ல? நாலு பேருக்குத் தெரியுற மாதிரி அவரே பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

இவர் காசை எடுத்தார். லென்ஸை எடுத்தார். நான் அடுப்படி நிலையில் நின்று அவர் முகத்தையே பார்த்தேன். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். கிரீடத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், யானை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். 'ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்க' என்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, இது வெள்ளி எடைக்குத்தான் போகும்" என்றார் என் தம்பியைப் பார்த்து. "மேடு பூராம் போயிருச்சு. வெளக்கி வெளக்கி வழுவழுன்னு ஆயிருச்சு."

தம்பியின் முகம் செத்துப் போனது. மாப்பிள்ளையின் அப்பா சிரிப்பை மாற்றாமலே சொன்னார்: "நாங்க காசு பணத்துக்குப் பறக்குற ஆளுக இல்ல. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல?" மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அப்படிச் செருகினால் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

இவர்தான் முதலில் எழுந்தார். "அரை மணி நேரம் குடுங்க, இந்தா வந்துர்றேன்" என்றார். யார் பதிலுக்கும் நிற்காமல் செருப்பை மாட்டி, மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த அரை மணி நேரத்தை என் பகையாளிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. வந்திருந்தவர்களுக்கு ரெண்டாம் தரம் காப்பி போட்டார்கள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனால் என் கையைப் பார்க்கிறார்கள், முகத்தைப் பார்க்கிறார்கள். "அக்கா, ஒன் புருஷன் தீய வச்சிட்டு ஓடிட்டாரு பாத்தியா?" என்று தம்பி என் காதருகில் பல்லைக் கடித்தான். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. தம்பி மகள் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக உள் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, அழுதால் மை கலைந்துவிடும் என்று மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொபெட் சத்தம் கேட்டது. இவர் வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தார். கையில் ஃபிலிம் டப்பி. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நம்ப முடியவில்லை. மூடியைத் திறந்து, ஓரத்தை மட்டும் ரெண்டு விரலால் பிடித்து, அந்த ராஜாவைத் தாம்பூலத் தட்டில் வைத்தார்.

"இது லட்சத்துக்குப் போகாது. பொய் சொல்லக் கூடாது. ஆனா நீங்க கேட்ட பவுன்ல கொறையுறத இது கட்டும்" என்று சொல்லி, மெட்ராஸ்காரர் சொன்ன விலையையும் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கண்ணில் லென்ஸை வைத்துவிட்டு, "இந்தா பாருங்க, யானை. தும்பிக்க தெரியுதா? இப்படித் தெரியுற காச நீங்க தேடுனாலும் பாக்க முடியாது" என்றார். ஒழுகுகிற எங்கள் மாடிக்குக்கூட அதை விற்க மறுத்தவர். என் பிறந்த வீட்டுப் பிள்ளைக்கு, யாரும் கேட்காமல்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தார். "என்னங்க இது, கருகருன்னு? நெத்திக்காசாட்டம் இருக்கு!"

கூடத்தில் இருந்த பெண்களெல்லாம் "ஐயையோ" என்று வாயைப் பொத்தினார்கள். இறந்தவர் நெற்றியில் வைக்கிற காசை நல்ல காரியத்தில் வாயால் சொல்வதே ஆகாது. சொன்ன பிறகு அந்தக் கறுப்பைப் பார்க்க எல்லோருக்கும் அப்படியேதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பூவுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அது ஒரு பொட்டுக் கரியாகக் கிடந்தது. கூசிப் போனேன்.

தம்பி பெண்டாட்டி ஓடி வந்தாள். அவளைப் போல வெள்ளை மனசுக்காரி கிடையாது. "அது ஒண்ணுமில்லம்மா, பீரோவுலயே கெடந்தது, அதான். ஒரே நிமிசம்" என்று காசை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாடா, அந்தக் கறுப்பு கண்ணை விட்டுப் போனதே என்று நானும் மூச்சு விட்டேன். இவர் அந்தப் பக்கம் திரும்பி மாப்பிள்ளையின் அப்பாவிடம் ராஜா கிரீடத்தைப் பற்றி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

அடுப்படியில் குழாய்ச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். தேங்காய் நாரில் புளியும் விபூதியும் வைத்து அவள் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தீங்களா மதினி, எம்புட்டு அழுக்கு! அண்ணனுக்குப் பாவம், வெளக்கத் தெரியல" என்றாள். காசைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

அவளிடம் நான் என்ன சொல்வது? கத்தியிருந்தால் கூடத்துக்குக் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் கல்யாணம் அங்கேயே நின்றிருக்கும். நான் சும்மா நின்றேன். அவள் ஈரத்தைத் துடைத்து, குங்குமம் வைத்து, தட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஆங், இப்பத்தான் காசு மாதிரி இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவர் வீட்டுக்காரர் காசை எடுத்து இவரிடம் நீட்டினார். "அண்ணே, நல்லாப் பாத்துக்கங்க. நீங்க சொன்ன வெல அதேதான?"

இவர் வாங்கினார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். கீறல்கள்தான் தெரிந்திருக்கும், நாரின் இழை போன இடமெல்லாம். மெட்ராஸ்காரர் அதைத் தொடக்கூட மாட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லி என் தம்பியைத் தலைகுனிய வைத்த அதே வாய். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"அதேதாங்க" என்றார்.

நாலரைக்கு முன்னால் தட்டு மாற்றினார்கள். மேளச் சத்தம் கேட்டுத் தம்பி மகள் உள்ளேயிருந்து வந்து எல்லோர் காலிலும் விழுந்தாள். இவர் காலில் விழுந்தபோது மட்டும் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது.

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து திரும்பும்போது, "கோவமா?" என்று கேட்டேன். வைகைக் கரைக் காற்றில் அவர் பதில் பாதிதான் கேட்டது. "யாரு மேல கோவப்பட? நல்ல மனசோட தேச்சிருச்சு அந்தப் புள்ள." கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே, "யானை தப்பிச்சிருச்சு. தோலுதான் போச்சு" என்றார். நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். டீக்கடையில் அவரைத் தெரியாதவள் மாதிரி வாழைப்பழம் விலை கேட்டவள்தானே நான்! அவரை நினைத்துப் பட்ட அந்த வெட்கத்தை விட, என்னை நினைத்துப் பட்ட இந்த வெட்கம் ஆளையே தின்றது.

மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காசை விற்கவில்லை. அது வந்த பிறகு பையனுக்குப் பிரமோஷன் வந்ததாம். அதனால் அதை ராசியான காசு என்று சாமி மாடத்தில் வைத்துவிட்டார்கள். விற்கக் கொண்டுபோயிருந்தால் வந்திருக்கக் கூடிய வம்பை நினைத்து எத்தனையோ நாள் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. சாமி மாடம் என்றதும் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். அங்கேயும் வியாழக்கிழமை உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சில வருஷம் கழித்து தம்பி மகளின் குழந்தைக்குக் காதுகுத்து. அந்த வீட்டில்தான் விசேஷம், சொந்தபந்தம் நிறைய. சாப்பாடு பரிமாறுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா சாமி மாடத்திலிருந்து தாம்பாளத்தோடு வந்தார். நடுவில் அந்த ரூபாய். வெள்ளை வெளேரென்று மின்னியது. ராஜாவுக்குத் தாடி இருந்த இடம் வழித்து விட்ட மாதிரி இருந்தது. "இவருதான் எங்க சம்பந்தி வீட்டு அண்ணன், காசுல பெரிய ஆளு" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, "வாரா வாரம் நானேதாண்ணே வெளக்குறேன், வேற யாரையும் தொட விடமாட்டேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க, இப்ப எம்புட்டு போகும்?" என்றார்.

தம்பி மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். விளக்கின அன்றே அந்தக் காசுக்கு விலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் அவசரப்படவில்லை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யத் தெரியாது அவருக்கு. லென்ஸை எடுத்து, ஒரு நல்ல காசைப் பார்ப்பது போலவே கிரீடம், காது, தோள் என்று வரிசையாகப் பார்த்தார். தோளுக்குக் கீழே, யானை இருந்த இடத்தில், லென்ஸ் ரொம்ப நேரம் நின்றது.

"அன்னைக்குச் சொன்னத விடக் கூடத்தான் போகும், தங்கச்சி" என்றார் சத்தமாக. "இம்புட்டுச் சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல."

கூட்டம் ஆகா என்றது. தம்பி மகள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கு அவரைக் கையைப் பிடித்து அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் போலிருந்தது. என் பிறந்த வீட்டு மானத்துக்காக இந்த மனுஷனை எத்தனை பேர் முன்னால் நிறுத்துவது? கால் நகரவில்லை. அவர் காசைத் தாம்பாளத்தில் திரும்ப வைக்கும்போது ராஜா முகம் தெரியாமல் கவிழ்த்து வைத்தார்.

அந்த அம்மா அதை எடுத்து, முந்தானையால் இன்னொரு தரம் அழுத்தித் துடைத்து, முகம் மேலே தெரியும்படி வைத்தார்.